வாசகர் கூடுகையில் நூல்களைப் பற்றிப் பேசுவது எப்படி?

தாம் இப்போது படித்துவரும் நூலைப் பற்றிப் பேசுபவர், கதைச் சுருக்கத்தைத் தவிர்த்து, எந்த இடத்தில் நின்று மீண்டும் படித்தார் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. பாதியில் கைவிட்ட நூலையும் தயங்காமல் குறிப்பிடலாம். அதற்கான காரணம் பல வேளைகளில் பாராட்டைவிடச் சுவையாக இருக்கும்.

தம்மைப் பாதித்த எழுத்தாளர்களைச் சொல்லும்போது வெறும் பெயர்ப் பட்டியல் போதாது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ ஆகிய மலையாள நாவல்களைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார் என்பதைப் போன்ற உறுதியான தடயம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, அவ்வெழுத்து தம் வாசிப்பில் எதை மாற்றியது என்பதை ஒரு பத்தியை வாசித்துக்காட்டி விளக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயரை விட்டுவிடுவது (நம்மிடையே இது வழக்கமாகவே ஆகிவிட்டது) பெருங்குறை. நூலையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். கேட்பவர்கள் புரட்டிப் பார்க்க விரும்புவார்கள்.