கோப்பி அரைக்க எந்தக் கிரைண்டர்?

எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) சேர்த்து வறுத்து இடிக்கிற கோப்பித்தூளுக்கு மிக்ஸியே போதும். கொட்டையை மட்டும் அரைத்து அதன் தனி வாசத்தைக் குடிக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் இந்தக் கிரைண்டர் யோசனை.

பிளேட் சுற்றுகிற சின்ன மெசினை வாங்காதீர்கள். ஒரே தூளில் மாவும் இருக்கும், குறுணியும் இருக்கும். மாவு கசக்கும், குறுணி சாரம் விடாமல் புளிக்கும். பர் என்கிற இரண்டு பற்சில்லுகளுக்கு இடையில் நசித்து அரைக்கிறதுதான் வேண்டும். நான் சொல்வது கையால் சுற்றுகிறதை: கரண்ட் நின்றாலும் கோப்பி கிடைக்கும். கடையிலேயே கைபிடியைச் சுற்றிப் பாருங்கள். நடுத்தண்டு ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள், அரைப்பு ஒருநாளும் சீராக வராது.

பேப்பர் ஃபில்டருக்கு ரவை அளவில் அரையுங்கள். தூளை ஊறவைத்து, வலைத்தட்டால் கீழே அமுக்கி வடிக்கிற பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு இன்னும் பருமனாக. 250 மில்லி தண்ணீருக்கு 15 கிராம் கொட்டை சரி. கசந்தால், கிரைண்டரில் அரைப்பளவை மாற்றுகிற திருகை ஒரு கிளிக் (ஒரு படி) திருப்பிப் பருமனாக்குங்கள், புளித்தால் ஒரு கிளிக் நுணுக்குங்கள். ஊற்றுகிற நேரத்தில், தேவையானதை மட்டும் அரையுங்கள். தூள் கிரைண்டரின் உள்சுவரில் ஒட்டினால், அரைக்க முதல் கொட்டையில் ஒரேயொரு துளி தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள்.

கறுக்க வறுத்த கொட்டையின் எண்ணெய் பர்ரில் பிசுபிசுத்து, நாள்பட்டால் காறல் வாசம் அடிக்கும். பிரஷ்ஷால் துடையுங்கள், இரும்பு பர்ரைக் கழுவினால் துருப்பிடிக்கலாம். அப்புறம், வேர்க்கொம்பை இதற்குள் போடவே வேண்டாம். நார் சிக்கும், வாசமும் லேசில் போகாது.