பிள்ளையின் வாடகை வீட்டுக்கு ஜாமீன் கையெழுத்து: இங்கிலாந்தில் பெற்றோர் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் மகனோ மகளோ படிப்புக்காகவோ முதல் வேலைக்காகவோ வீடு பார்க்கும்போது, 'கேரண்டர் இருக்கிறாரா?' என்று ஏஜென்ட் கேட்பது வழக்கம். பிள்ளை வாடகை கட்டத் தவறினால் நான் கட்டுகிறேன் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கும் ஜாமீன் இது. சாவி வாங்குவதற்கான சடங்காக நினைத்து, போனில் வந்த இணைப்பைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டுவிடும் பெற்றோர் நிறைய. தொகை, பங்கு, காலம் மூன்றுக்கும் எல்லை வைத்துக் கையெழுத்துப் போடலாம்; கேட்டால்தான் கிடைக்கும். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

1. வருமானக் கணக்கு

கேரண்டரின் ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 36 மடங்கு இருக்க வேண்டும் என்று பல ஏஜென்டுகள் எதிர்பார்க்கிறார்கள்; சிலர் 30 மடங்கில் ஒத்துக்கொள்வார்கள். மாதம் 600 பவுண்டு என்றால் 36 மடங்குக்கு 21,600 பவுண்டு. வருமானம் போதவில்லை என்றால் சொந்த வீடு, சேமிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையின் பங்கு 600 பவுண்டாக இருக்க, ஏஜென்ட் 86,400 பவுண்டு வருமானம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அது 2,400 பவுண்டின் 36 மடங்கு. நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் முழு வீட்டுக்கும் உங்களைப் பொறுப்பாக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள்.

2. காகிதங்கள்

பாஸ்போர்ட், முகவரிச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பள ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட். சொந்தத் தொழில் செய்பவர்கள் இரண்டு ஆண்டு வரிக் கணக்கை எடுத்து வையுங்கள். உங்கள் கடன் வரலாற்றையும் பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்குக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2019-ம் ஆண்டு வாடகைக் கட்டணச் சட்டப்படி வாடகைதாரரிடமும் கேட்கக் கூடாது, கேரண்டரிடமும் கேட்கக் கூடாது.

3. ஜாமீன் பத்திரத்தைப் படிப்பது

வாடகை ஒப்பந்தத்தையும் ஜாமீன் பத்திரத்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். ஜாமீன் பத்திரம் மட்டும் வந்தால், எதற்குப் பொறுப்பேற்கிறீர்கள் என்பதே தெரியாது.

முதலில் பார்க்க வேண்டியது பங்கு. நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்தால், ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. ஒருவன் பாதியில் போய்விட்டால் அவன் பங்கை வீட்டுக்காரர் மற்ற மூவரில் யாரிடமும் கேட்கலாம். உங்கள் ஜாமீன் அந்த ஒப்பந்தத்தின் எல்லாக் கடமைகளுக்கும் என்று எழுதியிருந்தால், முகம் பார்த்திராத பையனின் பாக்கியும் உங்கள் தலையில் விழும். 'என் பொறுப்பு என் மகளின் பங்கான மாதம் 600 பவுண்டுக்கு மட்டும். அவள் செய்த சேதத்துக்கு மட்டும்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். மாணவர் வீடுகளில் இது புதிய கோரிக்கை அல்ல, ஏஜென்டுகளுக்குப் பழக்கமானதுதான்.

அடுத்தது காலம். முன்பு 12 மாத ஒப்பந்தம் என்றால் ஒரு முடிவுத் தேதியாவது இருந்தது. 2025-ம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, 2026 மே 1 முதல் தனியார் வீட்டு வாடகை பெரும்பாலும் மாதத்துக்கு மாதம் தொடர்வதாக மாறியிருக்கிறது. வாடகைதாரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் 'வாடகை நீடிக்கும் வரை' என்று எழுதிய ஜாமீனுக்கு இப்போது முடிவுத் தேதி கிடையாது. எனவே ஒரு கடைசித் தேதி கேளுங்கள். மறுத்தால், இரண்டு மாத நோட்டீஸில் நீங்கள் விலகிக்கொள்ளும் உரிமை கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு, உதாரணமாக ஆறு மாத வாடகை. மூன்றையுமே மறுக்கும் வீட்டை விட்டுவிட்டு வேறு வீடு பார்ப்பதே மேல்.

மூன்றாவது, தொகை. வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வாடகையை உயர்த்தலாம். 'உயர்த்தப்பட்ட வாடகைக்கும்' என்ற சொற்கள் பத்திரத்தில் இருந்தால், உங்கள் ஒப்புதல் இல்லாமல் உயர்வு உங்களைச் சேராது என்று மாற்றச் சொல்லுங்கள். சேதம், சட்டச் செலவு, வட்டி ஆகியவையும் பட்டியலில் இருக்கும். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. 600 பவுண்டுப் பங்குக்கு அது சுமார் 692 பவுண்டு. சேதம் அதற்கு மேல் போனால் மிச்சத்துக்கு உங்களிடம் வருவார்கள்.

கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: வாடகை 14 நாள் தாமதமானால் கேரண்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மூன்று மாத பாக்கி சேர்ந்தபின் ஒரே கடிதமாக 1,800 பவுண்டு கேட்டு வரும். அதுவரை பிள்ளை வெட்கப்பட்டு உங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கும்.

4. கையெழுத்து

ஜாமீன் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பது 1677-ம் ஆண்டுச் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாய்வார்த்தை கட்டுப்படுத்தாது. ஆனால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பெயர் போட்டு அனுப்பிய மின்னஞ்சல் எழுத்தாகக் கொள்ளப்படலாம். பேச்சு முடியும் வரை அப்படி எழுதாதீர்கள். பெரும்பாலும் சாட்சியோடு கூடிய பத்திரமாகத்தான் கேட்பார்கள். சாட்சி நீங்கள் கையெழுத்திடும்போது நேரில் இருக்க வேண்டும். வீடியோ அழைப்பு போதாது. பக்கத்து வீட்டுக்காரரோ கூட வேலை செய்பவரோ போதும், பிள்ளை வேண்டாம். கையெழுத்தான பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

5. குடியேறிய பிறகு

சம்பளமோ கல்விக்கடனோ வந்த மறுநாளே வாடகை போகும்படி வங்கியில் தானியங்கி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் போட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றையும், குடியேறிய நாளில் எடுத்த புகைப்படங்களையும் சேர்த்து வையுங்கள். பிறகு சேதத் தகராறு வந்தால் டெபாசிட் திட்டத்திலேயே இலவசமாகத் தீர்த்துக்கொள்ள இவை உதவும்.

6. பணம் கேட்டுக் கடிதம் வந்தால்

முதலில் பிள்ளையிடம் கேட்டுவிட்டு உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வீட்டுக்காரருக்குப் பொதுவாக இல்லை. மாத வாரியான வாடகைக் கணக்கைக் கேளுங்கள்; உங்கள் எல்லைக்குள் வரும் தொகை எது என்று பத்திரத்தோடு ஒப்பிட்டு எழுத்தில் பதில் கொடுங்கள். நீதிமன்றத்திலிருந்து படிவம் வந்தால் 14 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். படிவம் கிடைத்தது என்று அதற்குள் தெரிவித்தால் 28 நாள் கிடைக்கும். பேசாமல் இருந்தால் தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் பதிவாகும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் கட்டினால் பதிவு நீங்கும். இல்லாவிட்டால் ஆறு ஆண்டு உங்கள் கடன் வரலாற்றில் நிற்கும். வீட்டுக்கடன் கேட்கும்போது இடிக்கும்.

பெற்றோர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால்

வெளிநாட்டில் இருப்பவரிடம் வசூலிப்பது கடினம் என்பதால் கேரண்டர் பிரிட்டனில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பார்கள். முன்பு ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டிச் சமாளித்தவர்கள் உண்டு. 2026 மே 1 முதல், மேலே சொன்ன வாடகைதாரர் உரிமைச் சட்டத்துக்குள் வரும் வீடுகளில் குடியேறுமுன் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை வாங்கக் கூடாது. அந்த வழி அடைபட்டுவிட்டது. பல்கலைக்கழகமே ஜாமீன் நிற்கும் திட்டம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் தரும் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் பாக்கியைக் கட்டினால் அதைப் பிள்ளையிடம் திரும்ப வசூலிப்பார்கள். லண்டனில் இருக்கும் சித்தப்பாவையோ அத்தையையோ கேட்பதாக இருந்தால், மேலே சொன்ன எல்லைகள் எல்லாம் அவர்களுக்கும் கிடைக்கும்படி நீங்களே பேசி வாங்கிக் கொடுங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது பிள்ளை நோட்டீஸ் கொடுத்த தேதி, சாவி ஒப்படைத்த தேதி இரண்டையும் குறித்துக்கொண்டு, ஜாமீன் முடிந்தது என்று வீட்டுக்காரரிடமோ ஏஜென்டிடமோ எழுதி வாங்குங்கள். வீட்டில் ஒருவருக்குப் பதில் வேறொருவர் வந்து புது ஒப்பந்தம் போட்டாலும் அப்படியே. பழைய கையெழுத்தைப் புது ஒப்பந்தத்துக்குப் பயன்படுத்த உங்கள் சம்மதம் இல்லை என்று அன்றே எழுதி அனுப்புங்கள்.