மலைச்சரிவில் காய்கறி: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் மழை ஊருக்கு ஊர் வேறு. குந்தா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் கணக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அதில் பத்தில் ஒரு பங்கு பெய்தாலே போதும், உழுது பொலபொலவென்று கிடக்கும் கேரட் தோட்டத்தின் மேல்மண் ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு வழி விடாததிலோ தப்பான வழி விட்டதிலோ தொடங்குபவை.

சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் பார் பிடிப்பதை, அதாவது செடி வைக்க மண்ணைக் கூட்டி நீளவாக்கில் மேடு போடுவதை எடுத்துக்கொள்வோம். இதைச் செய்பவரை விவரம் தெரியாதவர் என்று கூட்டங்களில் பேசிவிட்டுப் போகிறார்கள். அது நியாயமில்லை. உருளைக்கிழங்குக்கு வேரடியில் தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால் கிழங்கு அழுகும். சரிவுக்குக் குறுக்கே பிடித்த பார் மட்டமாக இல்லாவிட்டால் தண்ணீர் பள்ளமான இடத்தில் தேங்கி, உடைத்துக்கொண்டு, கீழே உள்ள பார்களையும் வரிசையாக அடித்துச் செல்லும். ஒருமுறை அப்படி நொந்தவர் அடுத்த போகத்தில் நேர்ப்பாருக்குத் திரும்பிவிடுகிறார். உண்மையில் கோளாறு குறுக்குப் பாரில் இல்லை, அதைக் கண்மதிப்பில் போட்டதில்தான் இருக்கிறது. மலையில் கண் ஏமாற்றும்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆறடி நீளத்தில் இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைப் பிணைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். கயிறு குறுக்குக் கம்பின் நடுக்குறியில் விழுந்தால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. அப்படியே காலை மாற்றி மாற்றி வைத்து, முளை அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். பாரை அந்தக் கோட்டிலிருந்து வடிகால் பக்கம் லேசாக இறக்கிவிட வேண்டும்.

படிமட்டம், அதாவது சரிவைப் படிக்கட்டு போல வெட்டி நிலம் அமைப்பதிலும் இதே கதைதான். சுமார் 33 விழுக்காடு வரையிலான சரிவுக்கே படிமட்டம் என்பது மண்வளப் பாதுகாப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் செங்குத்தான இடத்தில் தேயிலையோ மரமோ புல்லோதான் நிற்க வேண்டும். மழை மிகுந்த இடத்தில் படி மலையின் பக்கமாக, அதாவது உள்பக்கமாகச் சாய வேண்டும். உள்மூலையில் ஒரு வாய்க்கால் ஓடி, புல் பிடித்த அல்லது கல் பதித்த வடிகாலில் சேர வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்த படியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழுந்து சுவரை அரித்துவிடும். பொக்லைனை வைத்து ஒரே வாரத்தில் படி வெட்டியவர்களின் தோட்டங்களில் இன்னொன்றையும் பார்க்கலாம்: மேலே வெளிறிய அடிமண், கறுத்த மேல்மண்ணெல்லாம் உள்ளே புதைந்து கிடக்கிறது. மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியாகக் குவித்து, வெட்டிய பிறகு திரும்பப் பரப்பாவிட்டால் பல வருடம் உரத்தைக் கொட்டித்தான் பயிர் எடுக்க வேண்டியிருக்கும். எந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதைத் தொல்லையாக நினைக்கக் கூடாது. சரிவின் அடிவாரத்தை வெட்டினால் மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடுகிறது. 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சமவெளியில் நல்லதாக இருப்பது இங்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. பண்ணைக்குட்டை அப்படிப்பட்ட ஒன்று. ஆழமான மண் படிந்த செங்குத்துச் சரிவின் உச்சியில் தண்ணீரைத் தேக்கினால் அது கீழிறங்கி மண்ணை ஊறவைத்துக் கனமாக்கும்; மண்ணின் பிடிப்பும் தளரும். குட்டை வேண்டுமென்றால் சரிவு தணிந்த இடத்தில், அடியில் கசியாதபடி தாள் விரித்து அமைக்க வேண்டும். மேல்சரிவில் நிலம் விரிசல் விட்டிருந்தால் அங்கே குட்டை, குழி எதுவும் கூடாது.

இனி நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும், நூல் போன்ற மிகச் சிறிய மண்புழுவினம் அல்லாத புழு. உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-ல் கண்டறியப்பட்டது உதகையில்தான். செடி பூக்கும் சமயத்தில் ஒன்றை மெதுவாகத் தோண்டி எடுத்துப் பாருங்கள். வேரில் குண்டூசித் தலையளவு மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான். ஒவ்வொரு மணியும் பின்னர் பழுப்பு நிறமாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளோடு மண்ணில் விழுந்து, அடுத்த உருளைக்கிழங்கு வேர் வரும்வரை வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருடத்தின் மூன்று சாகுபடிப் பருவங்களிலும் அதே நிலத்தில் கிழங்கு வைப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்று மூன்று நான்கு வருடம் மாற்ற வேண்டும். தக்காளியும் கத்தரியும் மாற்றுப்பயிர் ஆகாது, அவற்றிலும் இது வளரும். உதகை அருகே முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் எதிர்ப்புத் திறன் கொண்ட குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களும் இருக்கின்றன. ஆனால் மேல் தோட்டத்து மண் மழையில் இறங்கி வந்தால் கூடவே முட்டைக்கூடும் வரும். மண் அரிப்பு அண்டை வீட்டுக்காரருக்கும் நோய் கொடுக்கும் என்பதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையைப் பார்க்காமல் உரம் போடுவது காசைக் கரைக்கும் வேலை. இங்குள்ள புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு எட்டாது. மண் பரிசோதனை செய்து சுண்ணாம்போ டோலமைட்டோ போட்டால் முட்டைக்கோஸில் வேர் வீங்கும் நோயும் குறையும். அளவு மீறினால் உருளைக்கிழங்கில் சொறி வரும் என்பதால் பரிசோதனை இல்லாமல் கைக்கணக்கில் போட வேண்டாம்.

பச்சைத் தேயிலை விலை சரியும்போதெல்லாம் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட்டுக்கு மாறுகிறார்கள். வருமானம் இல்லாதவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மழைக்கு முன்னால் சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் பிடுங்குவது அந்த மண்ணைக் கீழே அனுப்பும் வேலை. கோடையில், பட்டை பட்டையாக, குறுக்கே சில வரிசைத் தேயிலையை விட்டுவிட்டுப் பிடுங்கலாம்.

பள்ளத்தாக்கின் அடியில் உள்ள சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. மார்கழி, தை மாதங்களில் குளிர்காற்று இறங்கித் தங்குவது அங்கேதான். உறைபனியில் முதலில் கருகுவதும் அந்தப் பயிர்தான். மாசியில் ஓடைக்குத் தண்ணீர் கொடுப்பதும் அதே சதுப்பு என்பது வடித்த பிறகுதான் தெரியவரும்.

குத்தகை நிலத்தில் இவை எதையும் யாரும் செய்வதில்லை. ஒரு வருடத்துக்கு எடுத்தவர் சுவருக்கு ஏன் கல் வாங்கிப் போடப்போகிறார்? எனவே குத்தகை ஒப்பந்தம் எழுதும்போதே படியின் சுவரையும் வடிகாலையும் சரிசெய்வது யார், அந்தச் செலவு குத்தகைப் பணத்தில் கழியுமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வடிகாலைத் தூர்வாரும் வேலை தென்மேற்கு மழையை நம்பும் பகுதியில் மே மாதத்துக்குள்ளும், கோத்தகிரிப் பக்கம் செப்டம்பருக்குள்ளும் முடிய வேண்டும் என்று தேதி போட்டே எழுதலாம்.