புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கேட்பது எப்படி: நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த வாரத்திலேயே நகையை அடகு வைத்து, அருகிலிருக்கும் தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டிவிடும் குடும்பங்கள் ஏராளம். பதற்றத்தில் எடுக்கும் அந்த முடிவு, பின்னால் கிடைத்திருக்கக்கூடிய உதவிகள் பலவற்றின் வழியை அடைத்துவிடுகிறது. அரசுத் திட்டங்களும் பெரும்பாலான அறக்கட்டளைகளும் இனிமேல் ஆகப்போகும் செலவுக்கே பணம் தருகின்றன. கட்டி முடித்த தொகையை அவை பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. தரும் பணமும் பெரும்பாலும் நோயாளியின் கைக்கு வராமல் நேராக மருத்துவமனையின் கணக்குக்குப் போகிறது. எனவே யாரிடம் முதலில் கேட்பது, எதை அடுத்துக் கேட்பது என்ற வரிசை தெரிந்திருப்பது மிகவும் அவசியம். தமிழ்நாட்டில் சிகிச்சை பெறுவோரை மனத்தில் வைத்து அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவ சமூகப் பணியாளர். பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இவருக்கென்று ஓர் அறையோ மேசையோ இருக்கும்; ஆனால் மருத்துவரைப் பார்க்கும் அவசரத்தில் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். எந்த அறக்கட்டளை இப்போது விண்ணப்பம் வாங்குகிறது, எந்த நிதி எந்தப் புற்றுநோய்க்குப் பொருந்தும் என்பதெல்லாம் அவருக்கே அன்றாடம் தெரிந்திருக்கும். அவரிடம் வீட்டு நிலையை மறைக்காமல் சொல்லுங்கள். கடன் எவ்வளவு, சம்பாதிப்பவர் யார், நோயாளியே சம்பாதிப்பவரா, படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பவற்றைச் சொல்லக் கூச்சப்படுவது இயல்புதான். ஆனால் அவர் எழுதும் சமூகப் பொருளாதார அறிக்கையை வைத்துத்தான் பல அறக்கட்டளைகள் முடிவெடுக்கின்றன. அதில் இடம்பெறாத கஷ்டம் அவர்களுக்குத் தெரியவே போவதில்லை.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை கிடைக்கும். 2018 முதல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. அறுவை சிகிச்சை, கீமோ, மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு மூன்றுக்குமே இதில் இடம் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனி நிதி ஏற்பாடும் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்ப் பதிவு செய்யலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சேரப்போகும் மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருந்தால் போதாது, புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பட்டியலில் இருக்க வேண்டும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, முன் அனுமதி வந்த பிறகு சிகிச்சையைத் தொடங்குங்கள்.

காகிதங்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது பெயரில்தான். ஆதாரில் ‘செல்வி’ என்றும், குடும்ப அட்டையில் ‘மு. செல்வி’ என்றும், மருத்துவமனைப் பதிவில் கணவர் பெயரைச் சேர்த்து ‘செல்வி ராஜேந்திரன்’ என்றும் இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும்; கணினிக்குத் தெரியாது. மருத்துவமனையில் முதல் நாள் பதிவு செய்யும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். திருமணமாகிப் போன மகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையில் இருப்பதும், தனிக்குடித்தனம் போன மகனின் அட்டையில் தாயின் பெயர் இல்லாமல் இருப்பதும் பல வீடுகளில் உள்ளதுதான். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகையால் பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டில் ஒருவர் அந்த வேலையில் இறங்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, மூலத்தை யாரிடமும் விட்டுவிடாமல் நகல்களை மட்டும் கொடுங்கள்.

காப்பீடு போதாதபோது, அல்லது வருமான வரம்பைச் சற்றே தாண்டியதால் அட்டை கிடைக்காதபோது, அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படுவது செலவு மதிப்பீட்டுக் கடிதம். எஸ்டிமேட் என்று கேட்டால் கொடுப்பார்கள். மருத்துவமனையின் முத்திரையும், சிகிச்சை தரும் மருத்துவரின் கையெழுத்தும், நோயின் பெயரும், நிலையும், எத்தனை சுற்றுக் கீமோ, என்ன மருந்து, எவ்வளவு தொகை என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் ஒரே வரியில் எழுதிய கடிதம் பெரும்பாலும் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். பல இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால் கையெழுத்திட்ட பிரதிகளைக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தோடு அணுகக்கூடிய அரசு நிதிகள் இரண்டு. சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி 2009இல் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு, வட்டாரப் புற்றுநோய் மையங்களின் வழியாகவே தரப்படுகிறது. தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் நிலையமும் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் அத்தகைய மையங்கள். மற்றொன்று 1948இல் ஏற்பட்ட பிரதமரின் தேசிய நிவாரண நிதி. அரசு வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஒரு ரூபாயும் சேராமல், பொதுமக்கள் தரும் நன்கொடையாலேயே நடப்பது அது. உரிய படிவத்தோடு மதிப்பீட்டுக் கடிதம், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை இணைத்து அனுப்ப வேண்டும். பலர் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் வழியாக அனுப்புகிறார்கள். எந்தக் கட்சி என்று பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. இதில் முழுத் தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், மிச்சத்துக்கு வேறு இடங்களிலும் முயன்றுகொண்டே இருக்க வேண்டும்.

அறக்கட்டளைகளுக்கு வருவோம். அடையாறு புற்றுநோய் நிலையமே 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று, பொதுமக்களின் நன்கொடையால் 12 படுக்கைகளோடு தொடங்கிய அறநிறுவனம். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவும் சலுகைக் கட்டணத்திலும் சிகிச்சை தருவது இன்றும் அதன் வழக்கம். 1951இல் மும்பையில் தொடங்கிய இந்தியப் புற்றுநோய்ச் சங்கம், குணமாகும் வாய்ப்பு நன்றாக உள்ள நோயாளிகளுக்கென்று ஒரு சிகிச்சை நிதியை நடத்துகிறது. அதற்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகள்தான் விண்ணப்பிக்க முடியும், தனியாள் முடியாது. சென்னையில் ரே ஆஃப் லைட் அறக்கட்டளை இரத்தப் புற்றுநோய் கண்ட ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஒரே நேரத்தில் பல இடங்களில் கேட்பது தவறில்லை. ஆனால் ஓரிடத்தில் கிடைத்த தொகையை மற்ற இடங்களில் மறைக்காதீர்கள். மருத்துவமனைக் கணக்கில் எல்லாமே தெரிந்துவிடும்.

உதவி வாங்கித் தருகிறேன் என்று சொல்லி முன்பணமோ பங்கோ கேட்பவரை அருகில் சேர்க்காதீர்கள். முறையான அறக்கட்டளை எதுவும் விண்ணப்பக் கட்டணமோ ஓடிபி எண்ணோ கேட்காது. இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளங்களைப் பயன்படுத்துவதானால், தளம் பிடித்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு, பணம் யார் கணக்குக்குப் போகும் என்பவற்றை எழுத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நோயாளியின் படத்தைப் போடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். பணம் அவசரம்தான், ஆனால் முடி கொட்டிய நிலையில் தன் முகம் ஊர் முழுக்கப் போவதை அவர் விரும்பாமல் இருக்கலாம்.

பயணத்துக்கு ரயில்வே தரும் சலுகை மிகப் பெரியது. இதைக் கேட்காமலே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்பவர் ஒருவருக்கு அவற்றில் 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பிலும் ஏசி இருக்கைப் பெட்டியிலும் இருவருக்கும் 75 சதவீதம் குறையும். மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்றிதழைக் காட்டி முன்பதிவு கவுண்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும்; வண்டியில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது. அடுத்து வரவேண்டிய தேதியை மருத்துவர் எழுதும் அன்றே இந்தச் சான்றையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது நல்லது.

கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் வெளியூரில் தங்க வேண்டும். லாட்ஜ் வாடகையும் ஓட்டல் சாப்பாடும் சேர்ந்து, இலவசமாகக் கிடைத்த சிகிச்சையின் பயனைக் கரைத்துவிடும். மருத்துவமனையோடு சேர்ந்த தர்மசாலை உண்டா, அருகில் அறக்கட்டளை நடத்தும் விடுதி உண்டா என்று சமூகப் பணியாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இடம் குறைவு என்பதால் முன்கூட்டிச் சொன்னவருக்கே கிடைக்கும். குழந்தைக்குச் சிகிச்சை என்றால் செயின்ட் ஜூட் இந்தியா மையங்களைப் பற்றி விசாரியுங்கள். 2006இல் மும்பையில் தொடங்கிய அந்த அமைப்புக்குச் சென்னையிலும் மையம் உண்டு. குழந்தையோடு பெற்றோரும் கட்டணமின்றித் தங்கி, பொதுச் சமையலறையில் தங்கள் ஊர்ப் பக்குவத்தில் தாங்களே சமைத்துக்கொள்ளலாம். கீமோ நடக்கும்போது தொற்று வராமல் காக்க, சுத்தமான அறையும் அப்போதே சமைத்த சோறும் மருந்துக்கு அடுத்தபடி முக்கியம். அங்கே சேர மருத்துவமனையின் பரிந்துரை தேவை.

நோயாளியின் வருமானமும் உடனிருப்பவரின் வருமானமும் நின்றுபோவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நோயாளி, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் உறுப்பினராக இருந்து உரிய காலம் சந்தா கட்டியிருந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 80 சதவீதத்தை 2 ஆண்டு வரை பெற வழியுண்டு. வருங்கால வைப்பு நிதியிலிருந்து (பி.எஃப்.) தன் சிகிச்சைக்கும் குடும்பத்தினரின் சிகிச்சைக்கும் முன்பணம் எடுக்கலாம். பழைய வரி முறையில் வருமான வரி கட்டுபவர், சிகிச்சைச் செலவுக்காக 80டிடிபி பிரிவில் 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1 லட்சம் ரூபாய் வரையும் வருமானத்தில் கழிவு கோரலாம். அதற்குப் புற்றுநோய் மருத்துவரின் மருந்துச்சீட்டு வேண்டும்.

தூக்கமின்றி, சரியாகச் சாப்பிடாமல், அழுவதற்கும் இடமின்றி மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ உதவி கேட்கும் உரிமை நோயாளிக்கு உள்ள அளவுக்கே உண்டு. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உறவினர் யாராவது வாரத்தில் ஒரு நாள் வந்து உடனிருக்க முடியுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்று சொன்னவர்களிடம், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வர முடியுமா என்று கேட்டால்தான் வருவார்கள்.

நோய் முற்றிய நிலையில் வலி நிவாரணச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியைத் தணித்துப் பராமரிக்கும் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள். சென்னையில் மணலிக்கு அருகே மாத்தூரில் உள்ள ஜீவோதயா இல்லம் இந்த நிலையில் உள்ளவர்களைக் கட்டணமின்றி வைத்துப் பார்த்துக்கொள்கிறது. டீன் அறக்கட்டளையும் நோய்த்தணிப்புச் சேவை செய்கிறது. கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மாத்திரை எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைக்காது. அதை வைத்திருக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை போன்ற இடங்களில் மட்டுமே வாங்க முடியும். எனவே ஊருக்குத் திரும்புவதற்கு முன், உங்கள் ஊருக்கு மிக அருகில் எந்த மருத்துவமனையில் அது கிடைக்கும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, நோய்ச் சுருக்க அறிக்கையையும் அவர் கையெழுத்திட்ட மருந்துச்சீட்டையும் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.