அம்மாவின் நர்சிங் ஹோமுக்கு மெடிக்கெய்ட்: ஐந்து வருட பேங்க் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள்

நியூ ஜெர்சியில் அம்மாவுக்கு மெடிக்கெய்ட் (வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவ உதவி) விண்ணப்பம் போட்டபோது, சாப்பாட்டு மேஜை முழுக்க அறுபது மாத பேங்க் ஸ்டேட்மென்ட்தான். நடுவே ஒரு செக், அம்மாவின் தமிழ்க் கையெழுத்தோடு: பேத்தி கல்யாணத்துக்குக் கொடுத்த 12,000 டாலர். "என் காசை என் பேத்திக்குக் கொடுத்தேன், அதுல என்ன தப்பு?" என்று கேட்டாள்.

தப்பே இல்லை. ஆனால் 2006 பிப்ரவரியில் கையெழுத்தான டெஃபிசிட் ரிடக்‌ஷன் ஆக்ட், விண்ணப்பிப்பவரின் பணக் கணக்கை மெடிக்கெய்ட் மூன்று வருடம் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஐந்து வருடமாக்கியது. அந்த ஐந்து வருடத்தில் சும்மா கொடுத்த பணத்தை அந்த மாநிலத்தின் ஒரு நாள் சராசரி நர்சிங் ஹோம் செலவால் வகுத்து, அத்தனை நாளுக்கு மெடிக்கெய்ட் பணம் தராது. அந்த நாட்கள் எண்ணப்படுவது செக் கொடுத்த தேதியிலிருந்து அல்ல. நர்சிங் ஹோமில் சேர்ந்து, கையிருப்பு கரைந்து, மற்ற எல்லாத் தகுதியும் வந்த பிறகுதான். கட்ட எதுவும் இல்லாத நேரத்தில் வந்து நிற்கும் தண்டனை இது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வருமான வரிக்காரர்கள் வருடத்துக்கு இவ்வளவு பரிசு கொடுக்கலாம் என்று சொல்வதை இங்கே நம்பாதீர்கள். அது வேறு சட்டம்.

அதனால் பெற்றோருக்கு எழுபது தாண்டியதுமே ஸ்டேட்மென்ட்களை இறக்கி வையுங்கள். பெரிய தொகை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதற்கு என்று எழுதுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே கேளுங்கள்: இன்பேஷண்டா (முறையாக அட்மிட் செய்ததா), அப்ஸர்வேஷனா (கவனித்துப் பார்க்க மட்டும் வைத்திருப்பதா)? ஒரிஜினல் மெடிக்கேரில் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசே நேரடியாக நடத்தும் மருத்துவக் காப்பீடு) தொடர்ந்து மூன்று நாள் இன்பேஷண்டாக இருந்தால்தான் அதன்பின் நர்சிங் ஹோமில் சிகிச்சைக்குப் பணம் வரும்; கட்டிலில் படுத்திருந்தாலும் அப்ஸர்வேஷன் நாள் கணக்கில் சேராது. வந்தாலும் முதல் 20 நாள்தான் முழுசாக. பிறகு நூறாவது நாள் வரை தினமும் ஒரு பங்கு நாம் கட்ட வேண்டும். குளிப்பாட்ட, ஊட்டிவிட மட்டும் ஆள் வேண்டுமென்றால் மெடிக்கேர் கிடையாது.

சேர்க்கும்போது நீட்டுகிற ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். அம்மாவின் பில்லை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்டுவதாக ஜாமீன் போடச் சொல்லி எந்த நர்சிங் ஹோமும் கட்டாயப்படுத்தக் கூடாது. 1987 பட்ஜெட் சட்டம் தந்த உரிமை அது. நான் கையெழுத்துக்குக் கீழே "அம்மாவின் பிரதிநிதியாக மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய மூன்று மாத பில்லையும் மெடிக்கெய்ட் ஏற்கும் என்பது பழைய விதி. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2027 ஜனவரி முதல் வயதானவர்களுக்கு அதை இரண்டு மாதமாகக் குறைக்கிறது. அப்புறம், கிரீன் கார்டில் இருக்கும் பெற்றோருக்குப் பொதுவாக ஐந்து வருடம் ஆகாமல் மெடிக்கெய்ட் இல்லை. அது 1996 சட்டம்.

அந்த 12,000? முழுத் தொகையும் திரும்பி வந்தால் தண்டனை நீங்கும் என்று வழக்கறிஞர் சொன்னார். பேத்தி மறுவாரமே அம்மாவின் கணக்கில் போட்டாள். அந்த டெபாசிட் ரசீதையும் பழைய செக் நகலையும் ஒன்றாகப் பின் அடித்துத்தான் விண்ணப்பத்தோடு கொடுத்தேன்.