இத்தாலியை ரயிலில் சுற்ற: இரண்டு பேர், மூன்று ஊர், ஆளுக்கொரு சின்னப் பெட்டி

கணவன் மனைவி இரண்டு பேர், 12 நாள், இத்தாலி என்று முடிவானதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், ஒரு தாளை எடுத்து ரோம், நேப்பிள்ஸ், பைசா, புளோரன்ஸ், வெனிஸ், மிலான் என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நாள் பங்கு வைப்பதுதான். நாங்களும் வைத்தோம், எங்கள் தாளில் எட்டு ஊர் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் ஊர் மாறுகிற நாளில் காலையில் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்கு இழுத்து வந்து, அடுத்த ஊரில் இறங்கி வழி தேடிப் போனால், அங்கே மூன்று மணிக்குத்தான் அறை தருவோம் என்பார்கள். அரை நாள் போச்சு. சண்டையும் பெரும்பாலும் அந்த அரை நாளில்தான் வரும்.

அதனால் மூன்றே ஊரில் தங்குங்கள். மற்ற ஊர்களுக்குக் காலையில் கையை வீசிக்கொண்டு போய் ராத்திரி திரும்பி வாருங்கள். ரயிலில் சுற்றுவதன் சுகமே பெட்டி இல்லாமல் ஏறுவதில்தான் இருக்கிறது.

எங்கள் கணக்கு இது: ரோமில் 4 இரவு, நடுவில் புளோரன்ஸிலோ பொலோன்யாவிலோ 5 இரவு, வெனிஸில் 2 இரவு. விமானத்தை ரோமில் இறங்கி வெனிஸிலோ மிலானிலோ ஏறுகிற மாதிரி போடுங்கள், மறுபடி ரோமுக்குத் திரும்பி வருவது வீண். வேக ரயிலில் ரோமிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், புளோரன்ஸிலிருந்து வெனிஸ் இரண்டு மணிக்குக் கொஞ்சம் மேல். ரோமிலிருந்து நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம் என்பதால் அதைக்கூட ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம், அதன் பக்கத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ஊரான பொம்பெயியோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும்.

நடு ஊருக்கு எல்லோரும் புளோரன்ஸைத்தான் சொல்வார்கள். நான் பொலோன்யா என்பேன். வடக்கும் தெற்கும் போகிற தடங்கள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. புளோரன்ஸுக்கு வேக ரயிலில் 40 நிமிடம்கூட ஆகாது, முக்கால்வாசி சுரங்கம்தான், ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். மோதெனா, பார்மா, ஃபெராரா எல்லாம் பக்கத்தில். ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுக் கண்ணாடிச்சில் ஓவியங்கள் இருக்கிற ராவென்னாவுக்கு உள்ளூர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல. மழை வந்தாலும் கவலையில்லை, ஊர் முழுக்க நடைபாதைக்கு மேலே கூரை போட்ட தாழ்வாரங்கள், மொத்த நீளம் 60 கிலோமீட்டருக்கு மேல், 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. என் வீட்டுக்காரர் இவருக்கு மட்டும் புளோரன்ஸில் தங்கவில்லையே என்று இன்னும் மனக்குறை. அது வேறு கதை.

சரி, டிக்கெட். இரண்டு வகை ரயில் இருக்கிறது, இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் பணம் போகும்.

வேக ரயில்களில் அரசு நிறுவனமான டிரெனிதாலியாவின் ஃப்ரெச்சாரோஸா உண்டு, 2012-இல் வந்த தனியார் நிறுவனமான இத்தாலோ உண்டு. இரண்டும் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும், பெரும்பாலும் அதே ஸ்டேஷன்களிலிருந்துதான் கிளம்பும். இரண்டின் விலையையும் பார்த்துவிட்டு எது மலிவோ அதில் போங்கள், விசுவாசம் தேவையில்லை. இவற்றில் விமான டிக்கெட் மாதிரி, முன்கூட்டி வாங்கினால் மலிவு, கடைசி நாளில் இரண்டு மூன்று மடங்குகூட ஆகும். ஆனால் மிக மலிவான டிக்கெட்டைப் பெரும்பாலும் திருப்பித் தரவோ மாற்றவோ முடியாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல்: இத்தாலி போக வேண்டிய ஷெங்கன் விசா கைக்கு வருமுன் அதை வாங்கி வைத்துவிட்டு விசா தாமதமானால் காசு தண்ணீரில் போட்ட மாதிரி. விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதனால் அதை முதலில் முடித்துவிட்டு டிக்கெட் பக்கம் போங்கள். டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க ரயில் அட்டவணை மாறும், அதற்குப் பிந்தைய தேதிக்கு எதுவுமே காட்டவில்லை என்றால் இன்னும் விற்பனை திறக்கவில்லை என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று ரெஜியோனாலே, அதாவது உள்ளூர் ரயில். இதில் விலை ஒன்றுதான், இன்றைக்கு வாங்கினாலும் அடுத்த மாதத்துக்கு வாங்கினாலும் மாறாது, இருக்கை எண்ணும் கிடையாது, ஏறி கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். புளோரன்ஸிலிருந்து பைசா ஒரு மணி நேரம், சுமார் 10 யூரோ. அதனால் சின்ன ஊர்ப் பயணங்களை ஊரிலிருந்தே திட்டமிட்டுப் பதிவு செய்து வைக்காதீர்கள். காலையில் வானத்தைப் பாருங்கள், முழங்கால் வலியைக் கேளுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

ஆனால் இந்த மலிவு டிக்கெட்டில் ஒரு பொறி உண்டு. காகித டிக்கெட்டானால் ஏறுமுன் பிளாட்பாரத்துப் பக்கம் இருக்கிற சின்ன இயந்திரத்தில் சொருகி முத்திரை குத்த வேண்டும், போனில் வாங்கியதானால் செக்-இன் என்று எதையாவது தட்ட வேண்டுமா என்று வாங்கும்போதே பாருங்கள். முத்திரை குத்த மறந்தால் டிக்கெட் இருந்தும் டிக்கெட் இல்லாத கணக்குதான். அபராதம் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. எங்களுக்குத் தெரியாதே என்று சொல்கிற வெளிநாட்டுக்காரர்களை அந்த டிக்கெட் பரிசோதகர்கள் தினமும் பார்க்கிறார்கள், இரக்கம் வராது. இரண்டு பேர் போகும்போது "நீங்க குத்தினீங்களா?" "நீதான் குத்தியிருப்பேன்னு நினைச்சேன்" என்று ஆகிவிடும், யார் வேலை என்று முதல் நாளே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ரோம் டெர்மினியில் பெரிய பலகைக்குக் கீழே கழுத்து வலிக்க நின்று புளோரன்ஸ் எங்கே என்று தேடினோம். அது இத்தாலிய மொழியில் ஃபிரென்ஸே என்று வரும், அது எனக்குத் தெரியும், கெட்டிக்காரி என்று நினைப்பு. ஃபிரென்ஸேயும் வரவில்லை. "என்னங்க, ரயிலையே நிறுத்திட்டாங்களோ?" என்று நான் கேட்க, இவர் தகவல் கவுன்டர் வரிசையில் போய் நிற்க, வண்டி போய்விட்டது. பலகையில் போடுவது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரை. எங்கள் வண்டி வெனிஸ் போகிற வண்டி, புளோரன்ஸ் நடுவில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் புது டிக்கெட், முழு விலை. ஊர்ப் பெயரைத் தேடவே தேடாதீர்கள், டிக்கெட்டில் இருக்கிற ரயில் எண்ணைத் தேடுங்கள். 'பார்த்தென்ஸே' என்றால் புறப்பாடு, 'பினாரியோ' என்றால் பிளாட்பாரம், 'ரித்தார்தோ' என்றால் தாமதம். இந்த மூன்று வார்த்தை போதும். பிளாட்பாரம் எண் பெரும்பாலும் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் வரும். டெர்மினியில் 1 எஸ்ட், 2 எஸ்ட் என்று வந்தால் அது 1-ஆம், 2-ஆம் பிளாட்பாரம் இல்லை, நெடுந்தூரம் தள்ளி இருக்கிறது, உடனே நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.

டிக்கெட் இயந்திரத்துப் பக்கம் யாராவது சிரித்துக்கொண்டே உதவ வந்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். டிக்கெட்டை இரண்டு போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டும் காசும் ஒரே பையில் வேண்டாம்.

இருக்கை எண் தேர்ந்தெடுக்கிற வசதி இருந்தால், நடுவில் மேசை போட்ட நான்கு பேர் இருக்கையை விட்டுவிட்டு, இரண்டு பேர் மட்டும் உட்காருகிற வரிசையைப் பாருங்கள். மேசை நன்றாகத்தான் இருக்கும், எதிரே முன்பின் தெரியாத இரண்டு பேர் முழங்காலை இடித்துக்கொண்டு வருவார்கள்.

பெட்டி ஆளுக்கு ஒன்று, விமானத்துக்குள் கையில் கொண்டுபோகிற அளவு. அதற்கு மேல் வேண்டாம், துணியை நடு ஊரில் துவைத்துக்கொள்ளலாம். வெனிஸில் பாலம் என்றால் படிக்கட்டு என்று பொருள், சக்கரம் வைத்த பெட்டி அங்கே வெறும் சுமை. அந்த ஊருக்கு இரண்டு ஸ்டேஷன்: வெனேசியா மெஸ்த்ரே என்பது கரையில், வெனேசியா சாந்தா லூச்சியாதான் தீவில். அறை மெஸ்த்ரேயில் மலிவு, பத்து நிமிட ரயில்தானே என்பார்கள். இரண்டே இரவு என்றால் தீவிலேயே தங்குங்கள், பகல் கூட்டம் திரும்பிப் போன பிறகுதான் அந்த ஊரில் நடக்க முடியும். ஸ்டேஷன் வாசலுக்கு வந்தால் எதிரே கால்வாய், ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் படகு நிற்கிறது. அதற்காகவே ரயிலில் போய் இறங்க வேண்டும்.

பகல் பயணங்களில் எனக்குப் பிடித்தது ஒர்வியேட்டோ. ரோமிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போல. ஸ்டேஷன் கீழே, ஊர் பாறை மேலே, ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கம்பி இழுக்கிற ரயில் ஒன்று நேரே மேலே கொண்டுபோய் விடும். எல்லோரும் கோயிலைப் பார்க்கப் போவார்கள், அதுவும் அழகுதான், ஆனால் மேலே இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே 1500-களில் வெட்டிய ஒரு கிணறு இருக்கிறது, அதை விடாதீர்கள். 53 மீட்டர் ஆழம், 248 படி. தண்ணீர் எடுக்க இறங்குகிற கோவேறு கழுதையும் ஏறுகிற கழுதையும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, கிணற்றைச் சுற்றி ஒன்றை ஒன்று தொடாத இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒன்று இறங்க, ஒன்று ஏற. நான் முன்னால் இறங்கி மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தேன், இவர் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கிணற்றுச் சுவரில் இருக்கிற ஜன்னல் வழியாக முகம் பார்த்துப் பேசிக்கொண்டோம், ஆனால் பக்கத்தில் போக முடியாது.

லுக்காவில் ஊரைச் சுற்றி 4 கிலோமீட்டர் கோட்டைச்சுவர், அதன் மேலே சைக்கிள் ஓட்டலாம். பைசாவுக்குப் போகிற நாளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வெனிஸிலிருந்து அரை மணி நேரத்தில் பதுவை, நம்ம ஊர் வீடுகளில் படமாகத் தொங்குகிற அந்தோனியாரின் கல்லறை அங்கேதான். அதே ஊரில் ஜியோத்தோ என்கிற பழைய ஓவியர் சுவரில் வரைந்த சிற்றாலயமும் இருக்கிறது, அதற்கு மட்டும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சிங்க்வே தெர்ரே என்கிற ஐந்து கடலோர கிராமங்களைப் பற்றிப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே ரயில் கடலோரமாகவே போகும் என்று நினைத்தால் ஏமாற்றம், சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் நடுவில் ஒரு கணம் கடல் தெரியும். கோடையில் நெரிசல் தாங்காது. அந்த ஐந்தில் ஒன்றான கொர்னீலியாவில் இறங்கினால், ஊருக்கு நடந்து போக 370-க்கு மேல் படி ஏற வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பயமே வேண்டாம். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரெகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூட இல்லை. பைசா, லுக்கா பக்கம் செச்சீனா என்று ஒன்று, ஜெனோவா பக்கம் அதையே ஃபாரினாத்தா என்பார்கள்: கடலைமாவைத் தண்ணியாகக் கரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு அகலத் தட்டில் ஊற்றி அடுப்பில் வேக வைப்பது. மிளகு தூவித் தருவார்கள், கையில் வாங்கியதும் வீட்டு வாசனை வந்துவிடும். அச்சூகே, அலிச்சி என்று எழுதியிருந்தால் நெத்திலி மாதிரியான மீன், தள்ளி வையுங்கள். காபியைக் கவுன்டரில் நின்றபடி குடியுங்கள், உட்கார்ந்தால் பல இடங்களில் விலை வேறு.

இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தால் தெற்கே சிசிலித் தீவுக்குப் போகிற இன்டர்சிட்டி ரயில் ஒன்று உண்டு, மெசினா ஜலசந்தியில் ரயில் பெட்டிகளையே பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி அக்கரையில் இறக்குவார்கள். கடைசி ஊர் பலேர்மோ. அங்கே ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஊருக்கு மேலே மலையில் இருக்கிற புனித ரோசாலியா குகைக் கோயிலுக்கு, இந்துக்கள் உட்பட, நேர்ந்துகொண்டு மலை ஏறுகிறார்கள். எங்களுக்கு நாள் போதவில்லை.

கடைசியாக ஷோப்பெரோ, அதாவது வேலைநிறுத்தம். இத்தாலியில் இது அபூர்வம் இல்லை, ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், அதனால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓட வேண்டும் என்பது விதி, வேக ரயில்களிலும் கட்டாயம் ஓடுபவற்றின் பட்டியல் தனியே இருக்கும். விமானம் ஏறுகிற நாளில் மட்டும் ரயிலை நம்பி ஊர் தாண்டி வராதீர்கள், முந்தின ராத்திரியே விமான நிலையம் இருக்கிற ஊருக்கு வந்துவிடுங்கள். வெனிஸுக்கு ரயிலில் வரும்போது கடல்மேல் பாலத்தில் இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் கார் போகிற சாலைதான் தெரியும்.