பாசிட்ரானை வைத்து அணுக் காலியிடம் தேடுவது எப்படி? சிலிக்கானில் ஒரு முதல் அளவீடு

படிகத்தில் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தால் சாதாரண மைக்ரோஸ்கோப் அதைக் காட்டாது. பாசிட்ரான் காட்டும், அதுவும் பத்து லட்சம் அணுவுக்கு ஒன்று குறைந்தாலே.

கோட்பாடு கொஞ்சம்தான். 1932-இல் கார்ல் ஆண்டர்சன் கண்டுபிடித்த பாசிட்ரான், நேர்மின் ஏற்றமுள்ள எலக்ட்ரான். திடப்பொருளுக்குள் புகுந்ததும் சில பிகோசெகண்டில் (ஒரு பிகோசெகண்ட் என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) வேகமெல்லாம் இழந்து அணுக்களுக்கிடையே அலையும். அணுக்கருக்கள் அதைத் தள்ளுகின்றன. கரு இல்லாத இடம் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடும். அங்கே எலக்ட்ரான் அடர்த்தி குறைவு, அதனால் கொஞ்சம் கூடுதலாக உயிர்வாழும். கடைசியில் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிந்து, 511 கேஈவி (keV, ஆற்றலின் அலகு) ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களாகும். நாம் அளக்கப்போவது அந்த ஆயுட்காலத்தை.

படி 1: சோர்ஸ்

பாசிட்ரானை உமிழும் சோடியம்-22 உப்புக் கரைசலை 7.5 மைக்ரான் கேப்டன் (Kapton) என்ற பிளாஸ்டிக் தாளில் சொட்டுவிட்டு, உலர்த்தி, மூடி ஒட்டுவார்கள். அரை ஆயுள் 2.6 வருடம். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் வேறு: பாசிட்ரான் வெளிவந்த கையோடு 1275 கேஈவி காமா ஒன்றும் வரும். அதுதான் பிறந்த நேரக் குறிப்பு. 511 வந்தால் இறந்த நேரம்.

சோர்ஸ் வலுவாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். அந்த ஆசை வேண்டாம். 0.5 மெகாபெக்கெரல், அதாவது நொடிக்கு ஐந்து லட்சம் சிதைவு என்றால் சராசரியாக 2 மைக்ரோசெகண்டுக்கு ஒரு சிதைவு. ஆயுளோ ஒரு நானோசெகண்டுக்கும் குறைவு. ஆக, ஒரு நேரத்தில் சாம்பிளுக்குள் ஒரு பாசிட்ரான்தான். சோர்ஸை ஏற்றினால் ஒன்றின் பிறப்பும் இன்னொன்றின் இறப்பும் ஜோடி சேர்ந்து பின்னணி இரைச்சல் ஏறும். சொல்லத் தேவையில்லை, இது கதிரியக்கப் பொருள்: அனுமதி பெற்ற லேபில், உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டோஸ் பேட்ஜ் அணிந்துகொண்டு மட்டும்.

படி 2: சாம்பிள்

சோர்ஸை நடுவில் வைத்து இருபுறமும் ஒரே மாதிரியான இரண்டு துண்டு. இங்கே நம் சாம்பிள், எலக்ட்ரான் கற்றை பட்டு அணுக்கள் இடம்பெயர்ந்த சிலிக்கான். சிலிக்கானில் பாசிட்ரான் சராசரியாக 0.1 மில்லிமீட்டர் ஆழம் போகும், 0.5 மில்லிமீட்டர் வேஃபர் போதும். இரும்பில் ஆழம் 0.03 மில்லிமீட்டர்தான். அறுத்து, தேய்த்த மேற்பரப்பை அப்படியே வைத்தால் உங்கள் ரம்பம் உண்டாக்கிய குறைகளைத்தான் அளப்பீர்கள். உலோகம் என்றால் ஆசிடில் அரித்து அந்த அடுக்கை எடுத்துவிடுங்கள்.

கூடவே, கதிர்வீச்சு படாத நல்ல சிலிக்கான் ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாத அளவீட்டுக்கு இந்தத் துறையில் மதிப்பில்லை.

படி 3: டிடெக்டர்

பேரியம் ஃபுளோரைடு அல்லது பிளாஸ்டிக் சின்டிலேட்டர் (காமா பட்டதும் ஒளிரும் பொருள்) இரண்டு. ஒன்றை 1275-க்கும் மற்றதை 511-க்கும் அமையுங்கள். கோபால்ட்-60 வைத்துப் பார்த்தால் அதன் இரு காமாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். இரண்டுக்கும் இடையிலான நேர வித்தியாசத்தை வரைந்தால் வரும் சிகரத்தின் அகலமே உங்கள் கருவியின் நேரத் துல்லியம், சுமார் 200 பிகோசெகண்ட். அளக்கப்போவதும் அதே அளவுதானே என்று பதற வேண்டாம். பத்து லட்சம் நிகழ்வு சேர்ந்தால் ஆயுள் வளைகோட்டின் சரிவு சில பிகோசெகண்ட் வரை துல்லியமாகக் கிடைக்கும். அது சேரச் சில மணி நேரம் ஆகும், அதுவரை ஏசியை அணைக்காதீர்கள். அறை வெப்பம் மாறினால் எலக்ட்ரானிக்ஸின் பூஜ்ஜியம் நகரும்.

படி 4: ஃபிட்டிங்

அளந்த வளைகோட்டுக்குப் பொருந்தும் ஆயுட்காலங்களைக் கணக்கிடுவதுதான் ஃபிட்டிங். முதலில் நல்ல சிலிக்கான். கேப்டனுக்குள்ளேயே அழியும் பாசிட்ரான்களின் ஆயுள் 382 பிகோசெகண்ட். அந்தப் பங்கைக் கழித்ததும் 218-ஐ ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு எலக்ட்ரான் கற்றை பட்ட சிலிக்கான். இரண்டு ஆயுள் கிடைக்கிறது, நீளமானது 300, அதன் பங்கு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300 என்பது இரண்டு அணு சேர்ந்து காணாமல் போன இரட்டைக் காலியிடம். பாசிட்ரான் காலியிடத்தில் சிக்கும் வேகம் = பங்குகளின் விகிதம் (நீள ஆயுளின் பங்கு ÷ குறுகிய ஆயுளின் பங்கு) × (1/218 − 1/300). இங்கே விகிதம் 1, ஆகவே நொடிக்கு 1.25 × 10⁹. ஒரு காலியிடத்தின் பிடிக்கும் திறனை நொடிக்கு 10¹⁵ என்று எடுத்து வகுத்தால் பத்து லட்சம் அணுவுக்குச் சுமார் ஒன்று.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். குறுகிய ஆயுள் எவ்வளவு என்று பாருங்கள். 218 இருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள், இருக்கக் கூடாது! காலியிடங்கள் பாசிட்ரான்களைப் பிடித்துக்கொண்டே இருப்பதால் வெளியே திரிபவை சீக்கிரம் தீரும். மேலே சொன்ன கணக்குப்படி அது 171. உங்கள் ஃபிட்டிங்கில் 210 வந்தால், ஒரே வகைக் குறை என்ற அனுமானம் தவறு. மூன்றாவது ஆயுளைச் சேர்த்து வளைகோட்டை அழகாக்குவதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

உலோகங்களுக்கும் இதே வழிதான்: இரும்பில் 110-ஐ ஒட்டிய ஆயுள், ஒற்றைக் காலியிடத்தில் 175 ஆகும். காலியிடங்கள் திரண்டு வெற்றிடக் குமிழானால் 400-ஐத் தாண்டும். அணு உலை எஃகு கதிர்வீச்சில் உப்புவதைப் படிக்க இது உதவும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த முறை நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது.

குறைக்கடத்தியில் ஒரு வில்லங்கம்: நேர்மின் ஏற்றம் கொண்ட காலியிடம் பாசிட்ரானை விரட்டும், ஆகவே கணக்கில் வராது. மெல்லிய படலங்களுக்கும் இந்தச் சோர்ஸ் உதவாது. பாசிட்ரான் துளைத்துக்கொண்டு போய்விடும். அதற்கு மெதுவாக்கிய பாசிட்ரான் கற்றை வேண்டும்.